பதினோரு சவாரி

செபாஸ்டின் எனக்குத் தர வேண்டியிருந்தது ஒன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். பதினேழு நாள் கூலி, நாளுக்கு ஐந்நூற்று ஐம்பது. நாகலூருக்கு மேலே அவர் குத்தகைக்கு எடுத்திருந்த பழைய காபித் தோட்டத்தில், மாசி மாதத்தில் பாதை வெட்டினோம். நாலு சக்கர பைக் ஓடுவதற்கான பாதை. ஏடிவி என்று வாசலில் பலகை இருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வண்டியில் ஏறிக்கொள்வார்கள். முன்னால் வழிகாட்டியின் வண்டி போகும், பின்னாலேயே இவர்கள் மேடும் பள்ளமுமாக அரை மணி நேரம் குலுங்கிவிட்டு, முகமெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

பாதை வெட்டியது நானும் இரண்டு ஆண்களும். அவர்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள். கடைசி நாள் காசு கைக்கு வந்த பிறகுதான் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் உள்ளூர்க்காரி. உள்ளூர்க்காரி எங்கே போய்விடப் போகிறாள்?

அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருந்தது. என் சமையல்கட்டுத் தகரம் போன வருஷ மழையிலேயே சல்லடை ஆகிவிட்டது. ஜூன் பிறந்தால் அடுப்புக்கு மேல் குடை பிடிக்க வேண்டும். ஏற்காட்டுக் கடைக்காரர் தகரம், ஆணி, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து இருநூறு சொல்லியிருந்தார்.

முதல் முறை ஈஸ்டர் முடிந்த கையோடு போய்க் கேட்டேன். "ஆளுங்க வர ஆரம்பிக்கட்டுங்க்கா" என்றார் செபாஸ்டின். நான் கூலி வேலை பார்க்கும் காபி எஸ்டேட்டில் முன்பு கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவரின் மகன்தான் அவர். மரியாதையாகத்தான் பேசுவார். மே முதல் வாரம் போனேன். ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "வண்டித் தவணை கட்டணுங்க்கா" என்றார். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து, மூட்டு வலிக்க வலிக்க, மூன்று மைல் ஏறிப் போய் இறங்கி வந்தேன்.

மூன்றாம் முறை போனபோது போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க்கா, ஒரு சவாரி எண்ணூத்தம்பது. உங்க பாக்கியை அதால வகுத்தா கரெக்டா பதினொண்ணு வருது. ஒரு பைசா மிச்சம் இல்ல. பேசாம பதினோரு சவாரியா வாங்கிக்குங்களேன்!"

அங்கே நின்றிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வழிகாட்டி அங்கப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எஸ்டேட்டில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர் அவர். துணியை எடுத்து ஒரு வண்டியின் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த நாள் வேணுமின்னாலும் வரலாமுங்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"எந்த நாளும் வாங்க."

"ஆரைக் கூட்டியாந்தாலும்?"

"ஆரு வந்தாலும் சரிங்க்கா." அவருக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"அப்ப எழுதிக் குடுங்க."

விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதினார். பதினோரு சவாரி, எந்த நாளும், யார் வந்தாலும். விளையாட்டுப் போலவே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நான் இரண்டு தரம் படித்தேன். எனக்கு எழுத்து வந்தது நாற்பத்து நாலாவது வயதில். அதனால் எதையும் அவசரப்பட்டுப் படிக்க மாட்டேன்.

மறுநாள் களை எடுக்கும் இடத்தில் எங்கள் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். காளியாயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். எங்களில் மூத்தவள் அவள், அறுபதைத் தாண்டியவள்.

"அடி போடி ஞானம். பஸ்ஸுல உக்காந்தாலே ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிக்கறவ நான். என்னையக் கொண்டுபோயி அந்தப் பேய் வண்டியில ஏத்தப் பாக்கறியா?"

"ஏறாட்டிப் போவுதுக்கா. வந்து வரிசையில நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நிக்கறதுன்னா நாள் முச்சூடும் நிப்பேன். ரேஷன் கடையில நின்ன காலு இது."

"எனக்கு மட்டும் ஒரு தடவை ஏறிப் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். சொன்னது உண்மை. களை எடுக்கும்போதெல்லாம் மேலே அந்த வண்டிகளின் சத்தம் கேட்கும். நான் வெட்டின பாதையில் யார் யாரோ போகிறார்கள் என்று தோன்றும்.

ஏற்காட்டுக் கோடை விழா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பூசை முடிந்ததும், வேலைக்குப் போகிற மாதிரியே சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பதினோரு பேராகக் கிளம்பினோம். ஒன்பதரை மணிக்கெல்லாம் அங்கே இருந்தோம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு வேன் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் நாலைந்து கார்கள்.

எங்களைப் பார்த்ததும் செபாஸ்டின் வெளியே வந்தார். "என்னங்க்கா, கூட்டமா? எங்காவது விசேஷமா?"

"சவாரிக்கு வந்தோமுங்க தம்பி. பதினோரு பேரு." கார்டை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தையே முதல் தடவை பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு என்னைப் பலாமரத்துப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போனார்.

"அக்கா, இன்னிக்கு எப்படிப்பட்ட நாளுன்னு உங்களுக்கே தெரியும். பெங்களூர்க்காரங்க பன்னெண்டு பேரு பத்து மணிக்குன்னு முன்னாடியே பணம் கட்டிட்டாங்க. செவ்வாக்கெழம வாங்க. உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க."

"செவ்வாக்கெழம எங்களுக்கு வேலைங்க தம்பி. வராட்டிக் கூலி போயிருமே."

கூலி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தரையைப் பார்த்தார்.

அவரிடம் இருந்தது ஐந்து வண்டி. ஒன்று வழிகாட்டிக்கு. மிச்சம் நாலு. பதினோரு பேர் என்றால் மூன்று நடை, ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை நான் முந்தின வாரமே போட்டுவிட்டேன். அவர் இப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்ததும், முதலில் எங்களையே ஏற்றச் சொல்லி அங்கப்பன் அண்ணனுக்குக் கையைக் காட்டினார்.

வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா எங்கள் சட்டைகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் இங்கே வேலை செய்கிறவர்களா என்று நல்லவிதமாகவே கேட்டார்.

"இல்லீங்க. நாங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் காளியாயி அக்கா.

ஏறுகிறவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பையன் கைநாட்டுக்கு மைப் பெட்டியை நகர்த்தி வைத்தான். நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். பின்னால் யாரோ கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. வண்டிக்குச் சேதம் வந்தால் ஓட்டுகிறவரே பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது.

"அண்ணா, பாதை கெட்டுப்போயிச் சேதமானா ஆரு பொறுப்பு?"

அங்கப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது எழுதலியே, அம்மிணி."

"பாதை வெட்டினவ கேக்கறேன்னு சொல்லுங்க." கையெழுத்தைப் போட்டேன்.

முதல் நடைக்கு நானும், எங்கள் பெண்களில் லூர்துசெல்வியும் மேனகாவும். நாலாவது வண்டிக்கு யார் என்று திரும்பினால், காளியாயி அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "காபி மூட்டை தூக்கின தலைக்கு இது ஒரு பாரமா? தள்ளுங்கடி."

அங்கப்பன் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். "வலது கட்டைவெரலுக்குக் கீழ இருக்கறதுதான் ஓட்டம். பழுத்த காபிப் பழத்தைப் பிதுக்குவீங்களே, அந்த அளவுக்கு அமுக்கினாப் போதும். பச்சைக் காயைப் பிதுக்கற மாதிரி அமுக்கினீங்கன்னா சேலம் போயித்தான் நிப்பீங்க. பிரேக்கு இந்தக் கையில."

பிதுக்கினேன். வண்டி பின்னங்காலால் உதைத்த மாடு போல ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் பாய்ந்தது. விரலைத் தளர்த்தினேன், நின்றது. மறுபடியும் பிதுக்கினேன், இந்த முறை நான் சொன்னபடி போயிற்று. முதல் ஏற்றம் முடிவதற்குள் கை பழகிவிட்டது. மண்வெட்டி பிடித்த கைக்கு எது எவ்வளவு எதிர்க்கும் என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஏற்றத்துக்கு அப்புறம் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே பாதை இறங்கும். ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் பூராவும் கடப்பாரைக்கு அசையாமல் கிடந்த பாறை இதோ வருகிறது, போயும் விட்டது. என் கால் பெருவிரலைப் பெயர்த்த வேர், நாங்கள் சோறு தின்ற ஆரஞ்சு மரம், எல்லாம் அடுத்தடுத்துப் பின்னால் ஓடின. பதினேழு நாள் வேலை, இத்தனை சீக்கிரமாகக் கடந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல பாதை. எங்கேயும் வண்டி சாயவில்லை. சிரித்தேன், சத்தமாகவே. ஹெல்மெட்டுக்குள் என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஓடைப் பள்ளம் வந்தது. அதன் மேல் சில்வர் ஓக் கட்டைகளை நெருக்கிப் போட்டு, உருளாமல் இருக்க இரண்டு கோடியிலும் கல் முட்டுக் கொடுத்திருந்தோம். அங்கப்பன் அண்ணன் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் போன அதிர்வில் இடது கோடிக் கட்டை ஒரு விரல் அளவு நகர்ந்தது. அந்தப் பக்கத்து முட்டுக்கல்லைக் காணோம். முந்தின நாள் மழை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது படாது. கல்லை வைத்தவள் கண்ணுக்குத்தான் படும்.

பிரேக்கைப் பிடித்துக் கையைத் தூக்கினேன். "நில்லுங்க! ஆரும் வராதீங்க!"

லூர்துசெல்வியும் மேனகாவும் நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்த காளியாயி அக்கா, "சேர்வராயா, காப்பாத்து!" என்று கத்திக்கொண்டே வந்து, மேனகாவின் வண்டிக்கு ஒரு முழம் பின்னால் நின்றாள்.

"நின்னுட்டேன்டி!" என்றாள். நாங்கள் யாரும் கேட்காமலேயே இன்னொரு தரம் சொன்னாள்.

நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. ஓடைக்குள் கிடந்த கல்லில் தோதானதாக இரண்டைப் பொறுக்கி, கட்டையை உதைத்து உள்ளே தள்ளி, முட்டுக் கொடுத்து, மேலே ஏறி மிதித்துப் பார்த்தோம். கால் மணி நேரம் ஆயிற்று. அங்கப்பன் அண்ணன் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான்தான் முதலில் ஓட்டிக் கடந்தேன்.

திரும்பி வந்தபோது வேன்காரர்களில் ஒருவர் செபாஸ்டினிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நடைக்கு எங்கள் பெண்கள் நாலு பேர் தயாராக வந்து நின்றார்கள். அங்கப்பன் அண்ணன் செபாஸ்டினைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

"ஓடைக் கட்டையில முட்டு போயிருந்துச்சுங்க. காலையில நான் பாக்கல, என்ர தப்புத்தான். அம்மிணி பாத்துச்சு, சரி பண்ணுச்சு. இல்லீன்னா பெங்களூர்க்காரங்கள்ல ஒருத்தரு இந்நேரம் ஓடையில கெடந்திருப்பாங்க."

செபாஸ்டின் கொட்டகைக்குள் போனார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, ஐந்நூறும் நூறும் ஐம்பதுமாக நோட்டுகளை என் கையில் வைத்தார்.

"ஒம்பதாயிரத்து முந்நூத்தம்பதுங்க்கா. எண்ணிப் பாருங்க. சவாரியெல்லாம் இருக்கட்டும், இந்த வேன்காரங்களை மட்டும் ஏற விடுங்க."

நின்ற இடத்திலேயே எண்ணினேன். சரியாக இருந்தது. ஒரு ஐந்நூறு, மூன்று நூறு, ஒரு ஐம்பது உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்குங்க்கா?"

"நான் ஏறினதுக்கு. நான் ஆசைப்பட்டு ஏறினேன் தம்பி. பலகையில போட்டிருக்கற காசு."

"அதெல்லாம் வேண்டாமுங்க்கா." அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப இவங்க மூணு பேரு ஏறினது?" என்றார். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூணு தடவை மலையேறி வந்தேனுங்க. மூணு தடவையும் காசில்லாம அனுப்புனீங்க. அந்த மூணுக்கு இந்த மூணு."

அங்கப்பன் அண்ணன் இப்போது சிரித்தார். செபாஸ்டினும் சிரித்தார், அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. எண்ணூற்றைம்பதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏறாதவங்க ஏழு பேரும் என்னடி பண்றது?" என்றாள் காளியாயி அக்கா. ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை அவள். "எனக்கே இன்னொரு நடை போகோணும்போல இருக்குது."

"பஜ்ஜி வாங்கித் தாரேன், கழட்டுக்கா." தகரத்துக்குப் போக முந்நூறு மிஞ்சும்.

"ஏனுங்க்கா," என்றார் செபாஸ்டின், கொஞ்சம் தயங்கி. "மழைக்கு முன்னால பாதை முழுக்க ஒருக்கா பாத்து, முட்டெல்லாம் கெட்டியாப் போடோணும். வருவீங்களா?"

"அறுநூறு. அன்னன்னிக்குச் சாயங்காலம் கையில."

"சரிங்க்கா."

"அப்ப எஸ்டேட்டுல சொல்லிட்டு வியாழக்கெழமயிலிருந்து வாரேன். மொதல்ல இதை முடிங்க." கார்டை அவர் முன்னால் வைத்தேன்.

பேனாவை எடுத்து, தான் எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே, பாக்கி இல்லை என்று எழுதித் தேதி போட்டார். என் கையெழுத்தும் வேண்டும் என்றேன். இரண்டு பேரும் போட்டோம். வேன்காரர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இரண்டு சொல்லையும் இரண்டு தரம் படித்துவிட்டு, கார்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.