மூன்றாம் நிரை, நான்காம் மரம்

1976ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோப்பெங் ஊருக்கு வெளியே, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டையை ஒட்டிய மணல்மேட்டில், நட்டு மூன்று வாரமே ஆன நாற்பத்திரண்டு அக்காசியாக் கன்றுகளும் பெயர் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று பதில் சொல்லின. அன்று மழை இல்லை. குட்டைத் தண்ணீர் வழக்கம்போல் பச்சையாகக் கிடந்தது. வந்திருந்த குடும்பங்கள் பதிலைக் கேட்டுக்கொண்டு, மண்வெட்டிகளைக் கழுவி, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தன.

இதற்கெல்லாம் காரணம் யேசுதாசன் வாத்தியார். ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தபின் கோப்பெங் ஓரத்துப் பலகை வீடுகளில் வந்து ஒண்டிய ஜனங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்னவர். மூன்று தலைமுறை மரத்தடியிலேயே கிடந்த சனம் தனக்கென்று ஒரு மரம் நட்டதில்லை என்பது அவருக்கு மனக்குறை. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வாருங்கள், ஒரு மண்வெட்டி, ஒரு போத்தல், கட்டுச்சோறு போதும் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னார். ஈயம் தோண்டிப் போட்ட வெள்ளை மணலில் பிள்ளைக்கு ஒரு கன்று, மைலோ டின் மூடியில் ஆணியால் குத்திய பெயர். காடு மாதிரிக் கலைத்து நடுங்கள் என்று அவர் தொண்டை வற்றக் கத்தினார். யார் கேட்டார்கள்? கயிறு பிடித்து, இருபதடி இடைவெளி விட்டு, ஏழேழாக ஆறு நிரை நட்டுவிட்டார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்த காடு அதுதான். நிரை என்று ஒன்று அமைந்துவிட்டால் அதற்குப் பெரட்டும் வேண்டுமே. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பதில் சொன்னவருக்கு அன்று வேலை உண்டு, சொல்லாதவருக்கு இல்லை. முப்பது வருஷம் ஆட்களை மேய்க்கும் தண்டலாக நின்று பெரட்டு எடுத்த ஐயாவு, “பெரட்டு எடுக்கலன்னா இதுங்க எந்திரிக்காது லா, வாத்தியாரே” என்று சொல்லி, ஒரு பள்ளி நோட்டில் நாற்பத்திரண்டு பெயரையும் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. பெரட்டு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு ஞாயிறு தவளைக்குஞ்சு எண்ணினார்கள், ஒரு ஞாயிறு குப்பை பொறுக்கினார்கள், ஒரு ஞாயிறு மீன்கழிவையும் வாழைமட்டையையும் குழியில் போட்டு எரு மக்கவைத்தார்கள். தாய்மார்கள் நூலால் தண்டைச் சுற்றி அளந்து சொல்ல, பிள்ளைகள் வாத்தியார் கோடு போட்டுத் தந்த தாளில் எழுதினார்கள். ஒவ்வொரு கன்றும் தன் பிள்ளையின் குரலிலேயே பதில் சொன்னது. திக்குகிற பிள்ளையின் மரம் திக்கியது. பையன்களுக்குக் குரல் உடைவதற்கு ஒரு மாதம் முன்பே மரத்துக்குக் குரல் உடைந்துவிடும், வீட்டில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அந்தோணிமுத்துவின் மகள் எல்ஸியின் மரம் பதில் சொல்லவில்லை. ஐயாவு வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நோட்டில் பெருக்கல் குறி போட்டார். எல்ஸி பக்கத்தில்தான் நின்றாள், மரத்தைப் பார்த்துச் சிரித்தாள். வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும்போது மணல் லாரி அவள்மேல் ஏறியது.

ஒன்று நடந்தால் தற்செயல் என்று மனம் ஒதுக்கிவிடும். மறுவருஷம் ஜூனில் அர்ச்சுனனின் மரம் பேசாமல் நின்றது. பெற்றவர்கள் அவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். புதன்கிழமை, சாத்திய வீட்டுக்குள், முழங்கால் உயரம்கூட இல்லாத தண்ணீர்த் தொட்டியில் அவன் மூழ்கிக் கிடந்தான். அதற்குப்பின் பெரட்டே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இரண்டு ஞாயிறு யாரும் மணல்மேட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் தன் பிள்ளையின் மரம் பதில் சொல்லுமா சொல்லாதா என்று தெரியாமல் ஒரு வாரத்தை ஓட்டுவது, தெரிந்து ஓட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு யாரும் யாரையும் கூப்பிடாமலே எல்லாரும் வந்து நின்றார்கள். வாத்தியார் மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவமணிக்கு ஒரே மகள். ராசாத்தி, ரத்தினம் என்று வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் பதிவுக்கு வேறு பெயரும் வைக்கிற காலத்தில், இவளுக்குப் பதிவிலும் பாப்பா என்றே கொடுத்துவிட்டார்கள். நவமணி ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். புருஷன் சன்னாசி லூமுட்டில் மீன்படகுக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை வருவான். 1978 மார்ச்சில், மூன்றாம் நிரை நான்காம் மரத்துக்கு வந்து ஐயாவு “பாப்பா” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். நாற்பது குடும்பம் நவமணியைப் பார்க்காமல் மணலைப் பார்த்தது. தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாமல் யாராவது லயத்து வீட்டில் படுத்துவிட்டால், பெரட்டில் அவர்களுக்குப் பதில் இன்னொருவர் குரல் கொடுத்துவிடுவார். தண்டலுக்குத் தெரியும், தெரியாததுபோல் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு வயதில் நவமணி தன் அம்மாவுக்காக எத்தனையோ தடவை அப்படிச் சொன்னவள். மூன்றாம் முறை “பாப்பா” என்றதும், யோசிக்கக்கூட நேரமில்லாமல், அவள் வாயிலிருந்து “இருக்கேன்” என்று வந்துவிட்டது. ஐயாவுவின் பென்சில் நின்றது. அவருக்கு அந்தக் குரல் தெரியாதா என்ன? சரி என்று குறித்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை அவளுடைய கன்று மட்டும் ஒரே பகலில் விறகாகக் காய்ந்துபோனது. பிடுங்கிவிட்டு வேறு நட்டார்கள், அதுவும் காய்ந்தது. ஐந்து தடவை நட்டுப் பார்த்துவிட்டுக் குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஞாயிறானால் நவமணி அந்தக் குழிக்குள் இறங்கி நின்று மகளுக்காகப் பதில் சொன்னாள். மறுவருஷம் ஒரு ஞாயிறு, அம்மா வாய் திறக்குமுன் பாப்பாவே விளையாட்டாக “இருக்கேன்” என்றாள். அன்று மத்தியானமே காய்ச்சல் தொடங்கி, புதன்கிழமைக்குள் வலிப்பும் வந்துவிட்டது. நவமணி வேலைக்குப் போகாமல் நேரே மணல்மேட்டுக்கு ஓடி, குழியில் இறங்கி, கூப்பிட ஆளில்லாமலே அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். அவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்டுக்கொண்டிருந்தது. வேறு யார் சொன்னாலும் செல்லாது, தன் குரல்தான் வேண்டும் என்பது அதோடு அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

பிறகு எட்டு வருஷம் அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. எண்பதில் வேலைக்காக ஜெலாப்பாங்குக்கே குடிபோனாலும், ஈப்போவில் பஸ் மாறி மகளோடு வந்துவிடுவாள். ஞாயிறு ஓவர்டைம் மாட்டேன் என்றதால், அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளுக்கு மேலே போனார்கள். லூமுட்டில் படகுக்காரர் வீடு தருகிறார், வந்துவிடு என்று சன்னாசி நாலு தடவை கேட்டான். “பிள்ளைய வேணா கூட்டிட்டுப் போங்க, நான் வர முடியாது” என்றாள். “பிள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போயி நான் என்னா செய்யறது? நீ வந்தா போதும் லா” என்றான் அவன். மாதம் ஒருமுறை வந்தவன் தீபாவளிக்குத் தீபாவளி வரலானான். அது அவளுக்கு மிகவும் வலித்தது, அவனுக்கும்தான். மணல்மேட்டில் மற்ற மரங்கள் கூரையைத் தாண்டின. ஈப்போவிலிருந்து வேறு பள்ளிக் குடும்பங்கள்கூடச் சாப்பாட்டுக்கூடையோடு வந்து, பட்டைமேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படம் எடுத்துப்போயின. அளவெடுக்கிற ஞாயிறுகளில் பிள்ளைகள் மூன்றாம் நிரை நான்காம் கட்டத்தில், ‘உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், இலை இல்லை, எறும்பு உண்டு’ என்று எழுதினார்கள். எண்பத்துமூன்றில் ஒரு மைனா வந்து அவள் தோளில் உட்கார்ந்து பெரட்டு முடியும்வரை இருந்தது. அதையும் எழுதினார்கள்.

எண்பத்தாறு கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தார்கள், ஆனால் நம்பிக்கை கொடுக்கவில்லை. அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அடுத்த ஞாயிற்றைப் பற்றித்தான் பயம். ஐயாவுவின் வீட்டுக்குப் போய், அவர் பீடியை அணைத்து முடிக்கும்வரை காத்திருந்து, “தண்டலண்ணே, எனக்கு அப்புறம் கூப்பிட வேணாம். பிள்ள பேர நோட்டுலேர்ந்து வெட்டிருங்க” என்றாள்.

ஐயாவு நோட்டை எடுத்தார், அந்தப் பக்கத்தையும் திறந்தார். பென்சிலை மட்டும் எடுக்கவில்லை. “தோட்டத்துல எத்தனையோ பேரு பேர வெட்டியிருக்கேன், நவமணி. வெட்டுன யாரையும் அப்புறம் நான் பார்த்ததே இல்ல. எங்க போனாங்கன்னும் தெரியாது” என்றார்.

“அப்ப வேணாம். இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

1987 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் இறந்தாள். புதன்கிழமை சன்னாசி லூமுட்டிலிருந்து வந்து காரியம் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு வேண்டாம் என்றார் வாத்தியார். அவர் தலை அதற்குள் முழுக்க நரைத்திருந்தது. அதைக் கேட்டுவிட்டுப் பதினேழு வயதுப் பாப்பா, “கூப்பிடட்டும் சார். நான் வீட்ல உக்காந்து பயந்துகிட்டிருக்க மாட்டேன்” என்றாள். சன்னாசி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிரை ஓரத்தில் நின்றான். எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் நிரை, இரண்டாம் நிரை, பிறகு மூன்றாம் நிரையில் மூன்று மரங்கள் சொல்லி முடித்தன. ஐயாவு “பாப்பா” என்றார். காற்றுகூட இல்லை. மறுபடி கூப்பிட்டார். ஒரு பெண் அழத் தொடங்கினாள், பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். மூன்றாம் முறை கூப்பிடாமல் ஐயாவு நோட்டை மூடப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார்.

“இருக்கேன்” என்று குழியிலிருந்து நவமணியின் குரல் வந்தது. பஸ்ஸை விட்டிறங்கி மேடு ஏறி ஓடிவந்தவளைப்போல் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

ஐயாவு குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த மரமும் பதில் சொன்னது. கடைசி நிரை முடிந்ததும், அன்று தவளைக்குஞ்சு எண்ணுகிற ஞாயிறு என்று வாத்தியார் நினைவூட்டினார். சன்னாசி இன்னும் மகளின் மணிக்கட்டை விடவில்லை. பாப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “விடுங்கப்பா, அம்மா வந்திருச்சு” என்று சொல்லிவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு குட்டைக்கு இறங்கினாள்.