குளிப்பதற்கு முன் ஒரு மோப்பம்

சாம்பசிவனின் மூக்கு செத்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சலில் போன வாசனை திரும்பி வரவேயில்லை. கற்பூரம், கருவாடு, பொதுக் கழிப்பறை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சென்னைக்கு ஏற்ற வரம் என்று சமாதானம் சொல்லலாம். சாம்பசிவனோ ஒயின் நிபுணர். லண்டன் போய்ப் பரீட்சை எழுதி, கோட்டில் குத்திக்கொள்ளத் திராட்சைக்கொத்து வடிவில் ஒரு பின் வாங்கி வந்தவர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பெரிய ஓட்டலின் ஒயின் பட்டியலில் எது ஏறலாம், எது இறங்கலாம் என்று சொல்வது அவர் வேலை. மூக்கு விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த ‘சார்’ அத்தனையும் சேர்ந்து போகும்.

தெரிந்தவள் மனைவி அபிதகுஜாம்பாள் மட்டும். மூன்றரை வருடமாக அவருக்காக மோந்துகொண்டிருப்பவளும் அவளே. ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. குளித்துவிட்டால் பாட்டில் இருக்கும் பக்கமே வரமாட்டாள். ஆகையால் தென்சென்னையின் ஒயின்கள் அனைத்தும் முடிச்சூரில் ஒரு வாஷிங் மெஷின் மேல், காலை ஆறு மணிக்கு, பல் தேய்த்த பிறகும் குளிப்பதற்கு முன்புமாகத் தரம் பிரிக்கப்பட்டன.

அவள் சமையலறைத் தமிழில் சொல்வாள், அவர் மேடைத் தமிழில் மாற்றுவார். பெருங்காய டப்பா என்றால் ‘கீழை நாட்டு மர்மம்’. புதுச் செருப்பு என்றால் ‘பதனிட்ட தோலின் கம்பீரம்’. யாரும் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஒயின் பாட்டிலில் இல்லை, அதைச் சொல்லும் சொல்லில்தான் இருக்கிறது என்பது அவருடைய தத்துவம். மூக்கு நன்றாக இருந்த காலத்தில் இந்தத் தத்துவம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

இப்போது தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓட்டல் மேலாளர் ஜெயகிருஷ்ணன் போன வாரம் சிரித்துக்கொண்டே, “உங்களுக்குப் பிடிக்காத ஒயினே கெடையாதா சார்?” என்று கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். அந்தச் சிரிப்பு சாம்பசிவனைத் தூங்கவிடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜான்சி பாட்டிலோடு வந்தாள். இரும்புலியூர்ப் பெண். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், சாம்பசிவனின் வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து எழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள். கம்பத்துத் திராட்சையில் அவள் செய்த முதல் சிவப்பு ஒயின் அறுநூறு பாட்டில். ஓட்டல் எடுத்துக்கொண்டால் அடுத்த வருடமும் அவள் ஒயின் செய்யலாம். இல்லையென்றால் பழைய கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். பாட்டிலுக்குத் திருகு மூடி போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். “திருகு மூடி இருமல் மருந்துக்கு. தக்கைதான் ஒயினுக்கு மரியாதை” என்று வகுப்பில் சார் முழங்கியதைக் கேட்டுத் தக்கை போட்டிருந்தாள்.

மறுநாள் காலை அபிதகுஜாம்பாள் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள் சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

“பதினஞ்சாம் வருஷம் வெள்ளம் வடிஞ்சப்பறம் பீரோவைத் திறந்தோமே, என் கூறைப்புடவை இருந்த பீரோ. அதே நாத்தம்னா இது.”

இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. தக்கை கெட்டால் வருகிற ஈர அட்டை நாற்றம். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தக்கை கெட்டால் அந்த ஒரு பாட்டில்தான் கெடும், இன்னொன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அவரே வகுப்பில் முதல் வாரம் சொல்வது. ஆனால் இன்னொரு பாட்டில் வரவழைப்பதற்குள் இவள் குளித்துவிடுவாள், ருசி பார்க்கும் கூட்டமோ அன்று மதியமே. அது மட்டுமா? மூன்றரை வருடத்தில் முதல் முறையாக அவர் கையில் ஒரு குற்றம் கிடைத்திருக்கிறது. ஜெயகிருஷ்ணன் கேட்டாரே, இதோ பிடிக்காத ஒயின்.

ஓட்டலின் மூன்றாவது மாடியில் எட்டுப் பேர் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி புதுப் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். சாம்பசிவன் கோப்பையைச் சுழற்றினார், மூக்கை நுழைத்தார், கண்ணை மூடினார், ஒரு நிமிடம் துக்கம் காத்தார்.

“தக்கை கெட்டிருக்கு. வெள்ளத்துல நனைஞ்ச பீரோ.”

அதற்கு முன் புன்னகையோடு மோந்துகொண்டிருந்த எட்டு மூக்குகளும் உடனே சுருங்கின. ஆமாம், ஈர அட்டை என்றார் ஒருவர். தன் மாமனார் கோடவுனே கண்முன் வருகிறது என்றார் இன்னொருவர். ஜெயகிருஷ்ணன் பட்டியலில் ஒரு கோடு போட்டார், சாம்பசிவனைப் புது மரியாதையோடு பார்த்தார்.

ஜான்சி தன் கோப்பையை மோந்தாள். மறுபடி மோந்தாள். இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். அதிலும் பீரோ என்றார் சாம்பசிவன், எட்டுப் பேரும் வழிமொழிந்தார்கள். அவள் திரும்பி நின்று மூன்றாவதாக ஒரு கோப்பை மட்டும் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அதுவும் பீரோதான்.

இடைவேளையில் லிப்ட் அருகே அவரை மடக்கினாள். குரல் உயரவில்லை.

“இன்னா சார் இது. ஒரு தக்கை கெட்டா ஒரு பாட்டில்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. மூணாவது என்னோடதே இல்ல. போன மாசம் ‘பட்டும் மல்லியும்’னு எழுதி நீங்க பட்டியல்ல ஏத்தினீங்களே, அந்த பிரெஞ்சு ஒயின். அங்கயே திறந்து வெச்சிருந்தாங்க.”

சாம்பசிவன் கோட்டில் குத்தியிருந்த பின்னைத் தடவினார்.

“எப்பலேர்ந்து சார்?” என்றாள்.

“மூன்றரை வருஷம்.”

அவள் தலையை ஆட்டினாள். நான் அவங்ககிட்ட சொல்லப்போறதில்ல, சொன்னா தோத்தவ வயித்தெரிச்சல்னுதான் சொல்வாங்க, நீங்க சொன்னாத்தான் உண்டு என்றாள்.

சாம்பசிவன் திரும்ப உள்ளே போன அந்த இருபதடி தூரத்தில் திராட்சைக்கொத்துப் பின், கோட்டு, ‘சார்’ எல்லாவற்றையும் மனதுக்குள் கழற்றி வைத்துவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வாசனை தெரியாது. மூக்கு செத்து மூன்றரை வருஷமாச்சு. அந்தப் பொண்ணோட ஒயின்ல குத்தமில்லை” என்றார்.

கோடவுன்காரர் மெதுவாகக் கை தட்டினார். நிறைந்த மனிதர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்றார். மூக்கைக் கடந்தவருக்குத்தான் ஒயின் பேசும் என்று ஒரு பெண்மணி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். உண்மையாகவே தெரியாது என்று சாம்பசிவன் மன்றாட மன்றாடக் கைதட்டல்தான் வலுத்தது.

ஜெயகிருஷ்ணன் அவர் தோளில் கை வைத்தார். “சின்னப் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு உங்க பேரையே விட்டுக்குடுக்கறீங்க பாருங்க. ஆனா ஒயின் ஒயின்தான் சார். நாங்களும் மோந்தோமே.”

போட்ட கோடு அழியவில்லை. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தாள் வந்தது. பேனாவை அவர் கையில் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் வாசலில் ஜான்சி நிற்பது தெரிந்தது. பெட்டியை இடுப்பில் அணைத்தபடி லிப்டுக்குள் போனாள்.

திறந்த இரண்டாவது பாட்டிலை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி குளித்திருந்தாள். அது இரவு முழுக்க வாஷிங் மெஷின் மேல் நின்றது.

காலை ஆறு மணிக்கு அபிதகுஜாம்பாள் மோந்தாள். இந்தத் தடவை தள்ளிப் பிடிக்கவில்லை.

“இது நன்னா இருக்கே. நாவப்பழம். அடியில கொஞ்சம் மிளகு, பொடிச்ச உடனே வருமே அது மாதிரி. நேத்து அவாகிட்ட என்னன்னு சொன்னேள்?”

அவர் போனை எடுத்து ஜான்சியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அபிதகுஜாம்பாள் கோப்பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.