கட்டிய கை

இருளப்பசாமியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி முடித்த விஜயபாண்டி, அப்பாவின் கைகளை மார்பின் மேல் வைத்து அந்தப் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் கட்டினான். தாடையைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. அவன் மனைவி நாகஜோதி, இரண்டரை வயது மகள் கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

வாசலில் மேளம் ஆரம்பித்தது.

“ஏட்டி, பிள்ளைக்கு அந்த மிஷினக் கழட்டு. இம்புட்டுச் சத்தம் ஆகாது” என்றாள் விஜயபாண்டியின் அக்கா பாண்டீஸ்வரி.

“வேண்டாம் மதினி. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அவ கேக்கணும்.”

“கேட்டு என்னத்தக் கண்டோம்? ஒரு வருசமாச்சு, ஒத்த வார்த்த வரல.”

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. அறுவைச் சிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கென்று பஸ் ஏறி ஏறி அவள் ஓய்ந்துவிட்டாள். கோதை கூப்பிட்டால் திரும்புகிறாள், சொன்னதைச் செய்கிறாள். வாய்தான் திறக்கவில்லை. கடைசிவரை திறக்காமலே போய்விடுமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாமனாரிடம் மட்டும் சண்டை போட்டாள். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் இடது காதைத் தொலைத்துவிட்டு, வீட்டிலும் எல்லாவற்றுக்கும் கையைத்தான் ஆட்டுவார். “மாமா, கையக் காட்டாதீக. கையவே பாத்துப் பழகிட்டா பிள்ள காத மறந்துரும். வாயால சொல்லுங்க” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள். அதன்பிறகு மனிதர் பேத்தி முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு பெருவிரல்களையும் கோத்து, கைகளை மார்போடு அழுத்திக்கொள்வார். விட்டால் அவை தாமாக எழுந்துவிடும். பிறகு தெருவே அதிரும்படி “வா!” என்பார். கோதை ஓடிப்போய் மடியில் விழுவாள். நேற்றுக் காலையிலும் விழுந்தாள்.

இப்போது கோதை அந்தக் கைகளையே பார்த்தாள். இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். தாத்தாவின் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். அது அசையவில்லை.

“வா!” என்றாள்.

ஒப்பாரி நின்றது. கோதை தன் குட்டிக் கைகளை மார்பில் கோத்துக்கொண்டு, அவரைப் போலவே உரக்க இன்னொரு முறை “வா!” என்றாள்.

“பேசிட்டா! ஏங்க, பிள்ள பேசிட்டா!” நாகஜோதி சாவு வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணீர் வழிய, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்தாள். ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாண்டீஸ்வரி எழுந்து வாசலுக்கு ஓடினாள். “செத்த நேரம் மேளத்த நிறுத்துங்கப்பா! எங்கய்யாவப் பேத்தி கூப்புடுதா!”

மேளம் நின்றது. கோதை இடது பக்கமாகப் போய்த் தாத்தாவின் காதருகே குனிந்தாள்.

“அந்தக் காது கேக்காது தாயி. இந்தப் பக்கமா வா” என்றான் விஜயபாண்டி. அவளைத் தூக்கி வலது பக்கம் இறக்கிவிட்டு, தாடைக்கட்டைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினான்.