சட்டைப் பை இருந்த பக்கம்

இருபத்திரண்டாவது வீடியோவிலிருந்தும் தன் மனைவியின் குரலை எடுத்துவிட்டு எடிட்டர் நாற்காலியில் சாய்ந்தபோது மணி பன்னிரண்டரை. எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டியிருக்கும் இணைப்பை அவிழ்க்க வேண்டும். பழைய ஒலிக்குக் கீழே புதியதைப் போட்டு, திரையில் தெரியும் இரண்டு ஒலியலைகளின் மேடு பள்ளங்களும் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நகர்த்த வேண்டும். அப்புறம் பழையதை அழித்துவிட்டு, தொடக்கத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து எக்ஸ்போர்ட் கொடுத்துப் புதுப் படமாகச் சேமித்தால் வேலை முடிந்தது. நடுவில் யாரும் பார்ப்பதில்லை. தலையும் வாலும் சரியாக இருந்தால் உடம்பும் சரியாக இருக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை, அல்லது சோம்பேறித்தனம். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. மனசுதான் காலையிலிருந்து சண்டி மாடு மாதிரி ஒரே இடத்தில் நின்றது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான பயிற்சிப் படங்கள் அவை. எப்படி உட்காருவது, எப்படி எழுவது, எப்படிப் படி ஏறி இறங்குவது என்று நான்கு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக எடுத்தார்கள். நடித்தவர் முதலாளியின் மச்சான். வலது முட்டியில் நீலப் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் நொண்டினார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு நோயாளி மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. குரல் கொடுக்க ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட, கல்யாணமாகி மூன்றே மாதமான எடிட்டர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் ஒரே நாளில் அத்தனையும் படித்துக் கொடுத்தாள். அன்றிரவு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு மாமியார் அதே மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வார்டு டிவியில் அந்தக் குரல் வரும்போதெல்லாம், 'பேசுறது என் பொண்ணு' என்று அடுத்த கட்டில் வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மருந்தைவிட அதுதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது என்று எடிட்டர் இன்றும் நம்புகிறான்.

இப்போது அங்கே புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டருக்குக் கொஞ்சம் கனமான குரல் வேண்டுமாம். முதலாளி ஒரு வெண்கலக் குரல்காரரைப் பிடித்தார். அவர் அவள் படித்த அதே வசனத்தை, ஓர் எழுத்து மாறாமல், பழைய வேகத்துக்கே படித்துக் கொடுத்தார். நான்கு மணிக்கு மருத்துவமனை ஆள் வந்து படங்கள் ஏற்றிய டிவிடி வட்டை வாங்கிப் போவார். சாயங்காலமே டிவியில் ஓடத் தொடங்கிவிடும்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தட்டின் முன் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடும்வரை அவன் சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தான். அப்புறம், தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, உன் குரலை மாற்றிவிட்டார்கள், மாற்றியதும் நான்தான் என்று சொல்லி முடித்தான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். இல்லாவிட்டால் இரண்டு நாளைக்குப் பேசமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தான். அவளோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மொத்தமும் எடுத்தாச்சா? பதினாலாவதும்?"

அவன் தலையாட்டினான்.

"அப்பாடா," என்றாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள். குரல் கொடுத்த தாள்களின் நகலை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு வாரம் கழித்து ஆசையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். பதினான்காவது படத்தில், படி இறங்கும் இடத்தில், 'வலது காலை முதலில் கீழே வையுங்கள்' என்று இருந்தது. தான் இடது என்று படித்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவைப் பார்க்கப் போனபோது வார்டு வாசலில் நின்று தன் காதாலேயே அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த டிவி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பியதே இல்லை.

"ஆபரேஷன் பண்ணின கால்தான் முதல்ல இறங்கணும். நான் நல்ல காலைச் சொல்லித் தொலைச்சுட்டேன். என் பேச்சைக் கேட்டு யாராவது உருண்டு விழுந்திருந்தா? உங்ககிட்ட சொல்லலாம்னா, உங்க வேலைக்கே உலை வெச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயம்."

எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தவறை அவன் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தான். திரும்பப் படிக்கச் சொன்னால் அவள் முகத்திலிருந்த சந்தோஷம் வாடிவிடும். முதலாளி காதுக்குப் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்தான்.

"அந்த ஒரு படத்தை மட்டும் இடம் வலமா திருப்பிப் போட்டுட்டேன். கண்ணாடியில தெரியிற மாதிரி. நீலப் பட்டை இடது காலுக்கு வந்துடுச்சு. நீ சொன்னபடிதான் மாமா இறங்குவார். ஒருத்தரும் விழல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு வருஷம்," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" கோபம்தான். ஆனால் குரலிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியிருந்தது. நோயாளி மாமாவின் சட்டைப் பை அந்தப் படத்தில் மட்டும் வலது பக்கம் இருப்பதைக்கூட இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று அவன் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

வெண்கலக் குரல்காரர் தாளில் இருந்ததைத்தான் படித்திருக்கிறார். வலது காலை முதலில். படத்தில் பட்டை கட்டிய கால் இடது. அவன் தலையையும் வாலையும் மட்டும் பார்த்துவிட்டு வட்டில் ஏற்றிவிட்டான். நான்கு வருடமாக அவள் எதற்குப் பயந்தாளோ, அதை இன்று காலை அவனே தன் கையால் செய்து முடித்திருந்தான்.

கையைக் கழுவியும் கழுவாமலும் கிளம்பினான். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அலுவலக மாடியில் யாரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசைமேல் உறையில் போட்டு, மருத்துவமனையின் பெயர் எழுதி வைத்த வட்டு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எடிட்டருக்கு மூச்சு வந்தது.

பதினான்காவதை நடுவிலிருந்து ஓட்டினான். 'வலது காலை முதலில் கீழே வையுங்கள்' என்று அறை அதிரச் சொன்னது வெண்கலக் குரல். நோயாளி மாமா சொன்ன பேச்சைக் கேட்காமல், நீலப் பட்டை கட்டிய இடது காலை இறக்கினார். நாற்காலிக்குப் பின்னால் அவள் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எடிட்டர் படத்தை மறுபடியும் இடம் வலமாகத் திருப்பினான். ஒரே ஒரு சொடுக்குத்தான். பட்டை வலது காலுக்குப் போயிற்று. சட்டைப் பை, நான்கு வருடம் கழித்து, தன் சொந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை அவன் முழுதாகப் பார்த்தான். அதோடு விடாமல் மற்ற இருபத்தொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சட்டைப் பையைச் சரிபார்த்தாள். மூன்றரை மணிக்குப் புதிய வட்டு உறைக்குள் போனது.

அவள் குரலோடு இருந்த பழைய படங்களை அழிக்கப் போனபோது அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பதினாலாவது மட்டும் இருக்கட்டும். நான் இன்னும் பாக்கவே இல்லையே."

அவன் அதை ஓட்டினான். பின்னால் மின்விசிறி இரைய, கொஞ்சம் படபடப்போடு, இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி இடது காலை முதலில் கீழே வைக்கச் சொன்னாள். பையை வலது பக்கம் மாற்றிக்கொண்ட ஒரு மனிதர் அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, இடது காலைப் பத்திரமாக இறக்கினார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவன் போட்டான்.

வீட்டில் கழுவாத தட்டுகள் கிடக்கின்றன என்று அவள் கிளம்பினாள். வழியனுப்ப அவனும் மாடிப்படிவரை வந்தான். மேல் படியில் அவள் நின்றுவிட்டாள். எந்தக் காலை முதலில் வைப்பது என்று குனிந்து பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவனுக்கும் சட்டென்று தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அவள் சிரிக்கத் தொடங்கினாள்.