தடைக்காலத்தில் கூலி கேட்பது

கோவில்பத்து வலைக் கம்பெனியில் கூலி உயர்வு கேட்பதற்கென்று ஒரு பருவம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் மீனவர்கள் புது வலை எடுப்பார்கள். அப்போது மெஷின் நின்றால் முதலாளிக்குத் தாங்காது. மறுநாளே கடற்கரைக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள், கூலி ஏறிவிடும். ஏறியதை முதலாளி வலை விலையில் ஏற்றிக்கொள்வார்.

இந்த வருடமும் நாளுக்கு நாற்பது ரூபாய் கூடக் கேட்டு, தையல்நாயகி இருபது பெண்களோடு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். மகள் இளவேனிலின் காலேஜ் பஸ்ஸுக்கு அந்த நாற்பதைத்தான் நம்பியிருந்தாள். நாலு நாளாயிற்று. வலை கேட்டு ஒரு ஆள்கூட வரவில்லை.

“என்னடி, கடக்கரையில எல்லாரும் தொழில விட்டுட்டாங்களா?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அல்லி.

விசாரிக்கக் கிளிஞ்சல்மேட்டுக்கே போனாள் தையல்நாயகி. அவள் பிறந்த ஊர். தம்பி கருப்பையன் ஃபைபர் படகோரம் உட்கார்ந்து புது வலைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“ஏதுடா வலை? எங்க கம்பெனி முடிச்சு இல்லையே இது.”

“சீனா வலைக்கா. கிலோவுக்கு நூறு ரூபா கம்மி.”

“நாங்க நாலு நாளா வெயில்ல கெடக்குறோம். நீயே இப்படிப் பண்ணலாமா?”

“என் மீனுக்கு யாவாரிதானேக்கா வெல வெக்கிறான்? செலவுலதான் நான் மிச்சம் புடிக்கணும்.” அவன் தலை நிமிரவில்லை. “சாப்புட்டுப் போக்கா.”

சாப்பிடாமல் திரும்பினாள். நேரே முதலாளி ஜவஹர் அலியின் அறைக்குப் போனாள்.

“போயி பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மொதலாளி?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? வாப்பா காலத்துலேர்ந்து வருஷா வருஷம் ‘யாவாரம் படுத்துருச்சு’ன்னுதானே சொல்லிக்கிட்டு வர்றோம்!” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “போன மாசம் கிலோவுக்கு இருபது ரூபா ஏத்திப் பாத்தேன். எடுத்துட்டுப் போன வலைக் கட்டெல்லாம் திரும்பி வந்துருச்சு. நீங்க உக்காந்த நாலு நாளும் எனக்குக் கரண்டுதான் மிச்சம்.”

“அப்ப நாப்பது?”

“நாலு ரூபா கூட முடியாது. ஆனா தீவாளி வரைக்கும் ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன். அல்லா சத்தியமா.”

“அத எழுதிக் குடுங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மரத்தடியில் சீனா வலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, முதலாளி எழுதியதைப் படித்துக் காட்டினாள். அல்லி பொங்கினாள். “எந்தப் பாவிடி அந்த வலைய வாங்குறது? பேரச் சொல்லு, நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்.”

“என் தம்பி” என்றாள் தையல்நாயகி.

அல்லி அவளையே பார்த்தாள். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“வா. மெஷின் நாலு நாளா நின்னு கெடக்கு. எண்ணெ போட்டாத்தான் ஓடும்.”