எதிர்க்கரை மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஃபுட்பால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவும் கூடாது. மூன்றாம் மாடியின் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது மச்சினனின் பொறுப்பு. ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மாள் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தாள். கதவைத் திறந்த அந்த நேரம் பார்த்து ஹார்பர் அணி கோல் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து பூட்டு.

அந்த வீட்டு மாப்பிள்ளைக்கும் ஓர் இடம் விதித்திருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல். காலை நீட்ட முடியாது, கையை விரிக்க முடியாது. பெண் கேட்டு முதன்முதலாக அவன் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு ஆட்ட நாளில். நாற்காலி போதாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். வரிசையாகத் தோற்று நொந்துபோயிருந்த ஹார்பர் அன்றைக்கு ஜெயித்தது. "மாப்பிள்ளை காலடி வச்ச நேரம்" என்றார் மாமனார். கல்யாணமும் நிச்சயமாயிற்று, ஸ்டூலும் நிச்சயமாயிற்று. முதுகில் 'மாப்பிள்ளை' என்று அச்சடித்த மஞ்சள் ஜெர்சி ஒன்றையும் தைத்துக் கொடுத்தார்கள்.

இதில் ஒரே ஒரு கோளாறு. மாப்பிள்ளை மில் அணிக்காரன்.

ஊரை ஆறு இரண்டாக வகிர்ந்திருந்தது. இந்தக் கரையில் ஹார்பர், மஞ்சள். எதிர்க்கரையில் மில், பச்சை. அவன் பிறந்தது மில் மைதானத்தின் மதில் ஓரத்தில். அண்ணன் தோளில் ஏறி ஆட்டம் பார்த்து வளர்ந்தவன். ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை கிடைத்துத்தான் இந்தக் கரைக்கு வந்தான். பெண் கேட்க வந்த அன்று மாமனார், "எதிர்க்கரையா நீங்க? அப்ப மில்லுதானா?" என்று கேட்டபோது, "எனக்கு டீம்லாம் கிடையாது மாமா" என்று சொல்லித் தொலைத்தான். சொன்னதைத் திருத்த அந்த வாய்க்கு அப்புறம் வாய்தா கிடைக்கவில்லை.

மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி அந்த வீட்டிலேயே குடியேறிய புதிதில் ஒரு நாள் தூக்கத்தில், "அடிடா பொடியா, கார்னர்ல அடிடா" என்று அவன் கத்தியிருக்கிறான். பொடியன் என்பது மில் அணியின் இடது ஓரத்தில் ஓடுகிறவன். காலையில் அவள் காபியை வைத்துவிட்டு, "பொடியன் அடிச்சானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சிநேகிதர் ஒருவர், சில்லறை ஆட்டங்களுக்கு நடுவராக ஓடியதால் விசில் என்றே பேர் விளங்கியவர், ஆட்டம் தவறாமல் வந்துவிடுவார். மச்சினன் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான். மூவரும் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடுவார்கள், வாயால்.

"நெட்டையை மில்லுக்கு விட்டுக்கொடுத்தது தப்புன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்பார் விசில்.

"நீ எங்க சொன்ன? காலு ரெண்டும் கட்டை, தலை மட்டும்தான் வேலை செய்யுதுன்னு சொன்னது யாரு?" என்பார் மாமனார்.

"தலை வேலை செஞ்சா போதாதா? நம்ம கோச்சுக்கு அதுவும் இல்லையே."

"அவன் பேரை இந்த வீட்ல எடுக்காதீங்க. ஆத்தைத் தாண்டிப் போனவன்" என்பான் மச்சினன். பிறகு ஸ்டூல் பக்கம் திரும்புவான். "அத்தான், நீங்க சொல்லுங்க. மில்லு டீம்ல உருப்படியா ஒருத்தன் இருக்கானா?"

"அந்த லெஃப்ட் சைடு பையன் பரவாயில்ல" என்று ஒரு நாள் நாக்குத் தவறிவிட்டது.

"அந்தப் பொடியனா? ஃபேன் காத்துக்கே விழுந்து பெனால்ட்டி கேக்குறவன்."

"ஆமாமா. விழத்தான் செய்யறான்" என்றான் மாப்பிள்ளை. மனசுக்குள் பொடியனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மில் கோல் போடும்போதெல்லாம் முகத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினை. ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடிக்கப் பழகினான். அண்ணாந்து குடிப்பவன் முகம் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஹார்பருக்கு வந்தது சோதனைக் காலம். அடிபட்டவன் பாதி, ஃபார்ம் போனவன் மீதி. கோல்கீப்பர் வாத்து ஒருவன்தான் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி ஆட்டம் மில்லோடு, மில் மைதானத்தில். தோற்றால் ஹார்பர் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். டிரா செய்தால் தப்பிக்கலாம். மில்லுக்கு ஜெயித்தால் கோப்பை.

முந்தின நாள் அண்ணன் போன் செய்தார். "ஒரு டிக்கெட் இருக்குடா. நம்ம பழைய கேலரி. உனக்குத்தான் வச்சிருக்கேன். வந்துடு."

போனை வைத்தபின் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படியில் நின்றிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னான்.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள் அவள்.

"இந்த நேரத்துலயா? டீம் இறங்குமோ இறங்காதோன்னு அவர் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்காரு."

"அப்ப பொய் சொல்லுங்க. அதான் பழக்கம் ஆயிடுச்சே."

கூடத்தில் மாமனார் ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "மாமா, நாளைக்குக் கடையில கொஞ்சம் வேலை இருக்கு. போயே ஆகணும்" என்றான் அவன்.

"ஞாயித்துக்கிழமை அவசரமா யாருக்குக் கண்ணு தெரியாம போச்சு?"

"முதலாளி வரச் சொல்லியிருக்காரு."

"அவரும் ஹார்பர்தான். நான் பேசிக்கறேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கேயே போன் போட்டார். முதலாளி சிரிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மாமனார் போனை வைத்தார். "வேலை எதுவும் இல்லையாம். ஸ்டூலை விட்டு மாப்பிள்ளையை எழுந்திருக்க விடாதீங்கன்னு சொல்றாரு."

மறுநாள் கேட் பூட்டப்பட்டது. அவன் மஞ்சள் ஜெர்சியோடு ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டான். டிவியில் பச்சைக் கொடிகள் அலை அலையாக ஆடின. பழைய கேலரியைக் கேமரா காட்டியபோது, அண்ணனின் பக்கத்தில் காலி நாற்காலி தெரிகிறதா என்று அவன் கண் தானாகவே தேடியது. அவ்வளவு கூட்டத்தில் எங்கே தெரியும்.

முதல் பாதியில் பொடியன் ஒரு கோல் போட்டான். மாப்பிள்ளை தண்ணீர் குடித்தான். விசில் ஆஃப்சைடு என்று வாதாடினார்; மச்சினன் சோபாவில் குத்தினான். இரண்டாம் பாதி முழுக்க மில் அணி ஹார்பரின் கோல் வாசலிலேயே நின்று அடித்தது. வாத்து தாவித் தாவித் தடுத்தான். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் ஒரு ஃப்ரீ கிக், யார் காலிலோ பட்டுத் திரும்பி மில் வலைக்குள் போய் விழுந்தது. மச்சினன் குதித்த குதியில் சுவர்க் கடிகாரம் ஆடியது. விசில் மாமனாரைக் கட்டிக்கொண்டார். "நான் சொல்லல? மாப்பிள்ளை உக்காந்திருக்காருல்ல" என்று மாமனார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு வலித்தது.

இன்னும் இரண்டே நிமிஷம். மில்லுக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. நெட்டை எல்லார் தலைக்கும் மேலே எழும்பினான். அடுத்த கணம் வலை அதிர்ந்தது.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில்தான் மாப்பிள்ளைக்குத் தன் நிலைமை தெரிந்தது. அவன் ஸ்டூலில் இல்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையும் தலைக்கு மேலே, வாய் திறந்தபடி. ஃப்ரிட்ஜ் கதவு மூடித்தான் இருந்தது.

முதலில் பார்த்தவன் மச்சினன். "அத்தான்?"

கையைக் கீழே இறக்க அவனுக்கு நேரமாயிற்று.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் விசில், கார்டு காட்டப் போகிறவர் மாதிரி.

"சின்ன வயசிலேருந்து."

மச்சினன் எழுந்து வந்தான். "எங்க வீட்ல உக்காந்து, எங்க ஜெர்சியைப் போட்டுக்கிட்டு, இத்தனை நாளா எங்க தோல்வியை ரசிச்சிருக்கீங்க."

"ரசிக்கல மச்சான்."

"பின்ன இப்ப எதுக்குக் கையைத் தூக்கினீங்க? கொட்டாவியா?"

அவன் கேட்டுக்குப் போனான். பூட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே படிக்கட்டில் யாரோ அழுதுகொண்டே ஏறுவது கேட்டது. முன்னால் பூட்டு, பின்னால் மூன்று பேர்.

"விடுடா அவரை" என்றார் மாமனார். டிவியை அணைத்திருந்தார். "எனக்குத் தெரியும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"முதல் வருஷமே தெரியும். மில்லு கோல் போட்டாத்தான் இந்த மனுஷனுக்குத் தாகம் எடுக்கும். வெயில் காலமா, மழைக் காலமான்னு கணக்கில்ல."

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?" மாப்பிள்ளை கம்பியை விடாமல் திரும்பிக் கேட்டான். கோபமா வெட்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

மாமனார் மடியில் கிடந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொன்னா நீங்க ஞாயித்துக்கிழமை ஆத்தைத் தாண்டிப் போயிடுவீங்க. பொண்ணும் கூடவே போவா. இவங்க அம்மா போனப்புறம் இந்த வீட்ல அந்த ஒரு நாள்தான் வீடு நிறைய ஆள் சத்தம். அதான் ராசி கீசின்னு பேசிக் கட்டிப்போட்டு வச்சேன். தப்புதான்."

மனைவி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். தம்பியின் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். "போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க" என்றாள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

தெரு முழுக்க மஞ்சள். மூடிய கடை வாசல்களில் ஆண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாலத்தை நோக்கி நடந்தான். அக்கரையில் மேளமும் ஹாரனும் காதைப் பிளந்தன. அந்தச் சத்தத்துக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான். பாலத்தின் நடுவில் பச்சைக் கும்பல் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. அவன் சிரித்தபடி கையைத் தூக்கினான். அப்போதுதான் தன் மேலிருக்கும் ஜெர்சி அவனுக்கு ஞாபகம் வந்தது.

கும்பல் அவனைச் சூழ்ந்தது; பின்பக்கம் வந்தவன் முதுகைப் படித்தான். "டேய், இங்க பாரு, மாப்பிள்ளை வந்திருக்காரு. ரெண்டாம் டிவிஷன் மாப்பிள்ளை." ஒருவன் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினான். "நானும் மில்லுதாம்பா" என்றான் அவன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தப் பக்கம் நின்ற ஹார்பர்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், அவனைத் தோளில் அணைத்து இழுத்துக்கொண்டு வந்தார். "அழாதீங்க தம்பி. அடுத்த வருஷம் ஏறிடுவோம்." அவன் அழவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்.

புது சீசனில் அவனுக்கு விடுதலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போனான். சோபாவில் கால் நீட்டி உட்கார இடம் கொடுத்தார்கள். முதல் நாள் கை தட்டினான், கத்தினான், தொண்டை கட்டியது. ஆனால் அண்ணனின் கூட்டாளிகள் பேச்சுக்குப் பேச்சு, "உங்க ஹார்பர் என்ன ஆச்சு மாப்பிள்ளை?" என்று அவனைக் கிண்டினார்கள். ஒருவன், "அந்த வாத்து இன்னுமா கோல்ல நிக்குது? அதைக் கடாசிட்டு ஒரு கதவைக் கழட்டி வைக்கலாம்" என்றான்.

"முட்டி கிழிஞ்சுபோய் ஆடறான் அவன். உங்க கீப்பர் நகம் உடைஞ்சாலே ஸ்ட்ரெச்சர் கேக்குறான்" என்றான் மாப்பிள்ளை.

சிரிப்பு நின்றது. "உங்க கீப்பரா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். "நீ யார்ரா?"

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிட்டான்.

கூடத்தில் மாமனார் தனியாக இருந்தார். இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தை டிவியில் காட்டுவதில்லை, ரேடியோதான். விசிலுக்கு அதில் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. மச்சினன் வருவதை நிறுத்தி ஒரு மாதம் ஆயிற்று.

"உங்க ஆட்டம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஜெயிச்சாச்சு மாமா."

"நல்லது. நாங்க தோத்துட்டோம்."

இத்தனை வருஷத்தில் அவர் அவனிடம் 'நாங்க' என்று சொல்லி அவன் கேட்டதில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் 'நாம'தான். கேட்டைப் பூட்டியபோது வராத மூச்சுத் திணறல் அந்த ஒரு சொல்லில் வந்தது. செருப்பைக் கழற்றாமலே நின்றான். இங்கே நாங்க, அங்கே உங்க.

"வாத்து எப்படி ஆடினான்?" என்று கேட்டான்.

"எங்க ஆடினான்? மூணு கோலும் அவன் கைக்கடியிலதான் போச்சாம்."

"முட்டி சரியாகாம இறக்கினா அப்படித்தான் மாமா. ரெண்டு மாசம் உக்கார வச்சிருக்கணும்."

"உக்கார வச்சுட்டு யாரை நிறுத்துறது? அந்த ரெண்டாவது கீப்பரையா? அவனுக்குப் பந்து வர்ற திசையே தெரியாது."

"அவன் பரவாயில்ல மாமா. பயந்த சுபாவம், அவ்வளவுதான்."

"பயப்படறவனுக்கு எதுக்குங்க கையுறை?"

உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். கோச்சை மாற்றினால் தேவலையா, கோல்கீப்பரை மாற்றினால் தேவலையா என்பது இன்னும் முடிவாகவில்லை.