பேரிங் உட்காரும் சத்தம்

அப்பாவின் உதட்டை நனைக்க ஐஸ் எடுக்கலாமென்று ஃப்ரீசருக்குள் கையை விட்டபோது காவேரிக்கு வேறு ஏதோ தட்டுப்பட்டது. பாலிதீன் பையில் சுற்றிய இரும்பு வளையம்.

"அதை எடுத்துராதக்கா," என்றான் தம்பி குரு. அடுப்பின் முன்னால் நின்றிருந்தான். "பேரிங்கு. நல்லா சில்லுன்னு ஆவட்டும்."

"திங்கறது வெக்கிற எடத்துல இதையுமா வெப்ப?"

"ஆமா, ஐஸ்கிரீமா வெச்சிருக்கற, கெட்டுப்போறதுக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. உடனே முன்னறையைப் பார்த்தாள். கட்டிலில் அப்பா காளியப்பனின் மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கால்மாட்டில் ஓசூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மாதவராஜ் உட்கார்ந்திருந்தார்.

"காவேரி, நேத்து மாதிரி இன்னிக்கும் சுத்தியல எடுத்து அடிப்பானான்னு கேளு. அப்பா காதுல வுழுவுது."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அடிக்க மாட்டேன்னு சொல்லுக்கா."

முன்னறைப் பக்கம் திரும்பினாள். "அடிக்க மாட்டானாம்."

சின்ன வீடு. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கத்தான் செய்தது. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையையும் அவள்தான் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா இறந்த நாளிலிருந்து இப்படித்தான். அன்று மாதவராஜ் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரியவர்கள் அவசரப்படுத்த, குரு "தூக்குங்க" என்று சொல்லிவிட்டான். அண்ணன் வந்து சேர்ந்தபோது தீ பிடித்திருந்தது. "என் அம்மா மொகத்தப் பாக்க வுடலியேடா" என்று ஊர் முன்னால் தம்பியின் சட்டையைப் பிடித்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவின் துணியை மாற்றும்போதும், புரட்டிப் படுக்க வைக்கும்போதும் காவேரியின் மனதில் ஓடியது அதுதான். அப்பாவை எடுக்கும்போதும் இவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால்? அந்தப் பயத்தில் அழுவதற்குக்கூட அவளுக்கு இடமில்லாமல் போயிருந்தது.

அடுப்பில் சின்னத் தீயில், குருவிடம் ரிப்பேருக்கு வந்திருந்த பால்காரர் வண்டியின் இன்ஜின் கேஸ் காய்ந்துகொண்டிருந்தது. பாதியாகப் பிரித்த அலுமினியக் கூடு. வீடெல்லாம் பழைய ஆயில் வாசனை. கையில் வேலை இல்லாமல் குருவால் அண்ணன் இருக்கும் வீட்டில் நிற்க முடியவில்லை. விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தான். சுர்ரென்று துள்ளி ஓடியது.

"சூட்டுல குழி விரிஞ்சிருக்கும், பேரிங்கு சில்லுல சுருங்கியிருக்கும். இப்ப வெச்சா தானா எறங்கும். ஆனா இது தரையில மட்டமா நிக்காதுக்கா, அடியெல்லாம் மேடும் பள்ளமும். ஒருத்தர் புடிக்கணும். எப்பவும் அப்பாதான் புடிப்பாரு."

நேற்று தனியாகச் செய்யப் பார்த்து, பேரிங் கோணலாக மாட்டி, அடித்து அடித்து அதை வீணாக்கியிருந்தான். காவேரி ஈரச்சாக்கை மடித்துச் சூடான கேஸைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள். கேஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆடுதுக்கா. சூடு ஆறிடும்."

பின்னாலிருந்து வந்த ஒரு கை சாக்கை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. மாதவராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டார். குரு அக்காவைப் பார்த்தான். ஏதாவது சொல்லச் சொல்லும் பார்வை. இந்த முறை அவள் எதையும் சுமந்துபோகவில்லை.

குரு ஃப்ரீசரைத் திறந்து பேரிங்கை எடுத்து வந்தான். வெளிக்காற்று பட்டதும் அதன் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. குழிக்கு நேரே பிடித்தான். மாதவராஜ் தலையைச் சாய்த்து, விளிம்பும் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்வரை குனிந்தார். வெகுநேரம் போலிருந்தது.

"உன் பக்கம் தூக்கியிருக்கு."

குரு தாழ்த்தினான்.

"ம். வுடு."

விரல்கள் திறந்தன. டொக்.

சுத்தியல் சத்தம் போல இல்லை அது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது போல இருந்தது. குரு ஒரு மரக்கட்டையை மேலே வைத்து அழுத்தினான். அலுமினியம் ஆறி இறுகும்வரை இருவரும் அசையவில்லை.

"உக்காந்துருச்சா?"

"உக்காந்துருச்சு."

"நேத்தே கூப்புட்டிருக்கலாமில்ல?"

"கூப்புட்டா வந்திருப்பியா?"

மாதவராஜ் கேஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ புடிச்சிக்கும்னு எல்லாரும் சொன்னாங்கண்ணா, அன்னிக்கு."

"தெரியும்டா."

அப்போதுதான் காவேரிக்கு உறைத்தது. முன்னறையிலிருந்து அந்தக் கரகரப்பு வரவில்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அவள் உள்ளே போனாள். அப்பாவின் மார்பு அசையாமல் இருந்தது. முகத்தில் நேற்றுவரை இருந்த இறுக்கம் இல்லை. நெற்றியில் கை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. தண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்களை மெதுவாக ஒற்றி மூடினாள்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"கையக் காட்டுண்ணா. பாரு, எப்பிடி செவந்திருக்கு."

"அட, ஒண்ணுமில்ல வுடுறா."

"வுடுறதாமே. காட்டு."

ஃப்ரீசர் கதவு திறந்தது. ஐஸ் தட்டைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

காவேரி கூப்பிடாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, பேச்சு இன்னும் சரியாகக் கேட்கட்டும் என்று, மின்விசிறியைக் குறைத்து வைத்தாள்.